சிகிச்சை மையத்தை நடத்துபவருக்கு எழும் சுய ஐயம்: பிரித்தறிந்து கையாளும் முறை

உளவியல் சிகிச்சை மையம் ஒன்றின் தலைமைப் பொறுப்புக்கு வருபவர் பெரும்பாலும் நல்ல சிகிச்சையாளர் என்று பெயர் எடுத்தவராக இருப்பாரே தவிர, ஒரு நிறுவனத்தை நடத்தப் பயிற்சி பெற்றவராக இருப்பதில்லை. நேற்று வரை மூடிய அறைக்குள் ஒருவருக்கு எதிரே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், இன்று உடன் பணியாற்றுவோரின் சம்பளம், விடுப்பு, பணிச்சுமை, அவர்களுக்குள் எழும் பிணக்குகள் என அனைத்தையும் தீர்த்துவைக்க வேண்டியவராகிறார். இந்த மாற்றத்தை யாரும் முறையாகக் கற்றுத் தருவதில்லை என்பதால், 'இந்தப் பொறுப்புக்கு நான் தகுதியானவர்தானா' என்ற கேள்வி மனத்தில் எழுந்து, மெல்ல மெல்ல அங்கேயே குடிகொண்டுவிடுகிறது. அந்தக் கேள்வியை ஒரே அடியில் விரட்டிவிட முயல்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அது பார்வைக்கு ஒரே கேள்வியாகத் தெரிந்தாலும், உள்ளே மூன்று நான்கு வேறு வேறு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றுள் சில விரட்டப்பட வேண்டியவையும் அல்ல.

சிகிச்சை அறையின் ஐயமும் தலைமை நாற்காலியின் ஐயமும்

சிகிச்சையாளருக்குத் தம் பணியைப் பற்றி ஓரளவு ஐயம் இருப்பது நல்லது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. நார்வேயைச் சேர்ந்த ஹெலன் நிசன்-லீயும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தொழில் சார்ந்த ஐயம் உடையவர்களாகவும் அதே நேரத்தில் தம்மைக் கனிவோடு நடத்திக்கொள்பவர்களாகவும் இருந்த சிகிச்சையாளர்களிடம் சிகிச்சை பெற்றவர்கள் கூடுதல் பயன் அடைந்ததாகக் கண்டனர். இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 129 மனநலப் பணியாளர்களிடம் தம் திறமையைத் தாமே மதிப்பிடச் சொன்னபோது, நான்கில் ஒருவர் தம்மை முதல் பத்து விழுக்காட்டினருள் வைத்தார். சராசரிக்குக் கீழே தம்மை வைத்தவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே, தம் வேலையைக் குறித்து ஐயம் கொள்பவர் இந்தத் துறையில் மோசமான இடத்தில் இல்லை.

ஆனால் இந்த நல்ல ஐயத்தை அப்படியே தலைமை நாற்காலிக்குக் கொண்டுவந்தால் அதன் குணம் மாறிவிடுகிறது. சிகிச்சை அறையில் ஐயம் நம்மை நிதானப்படுத்துகிறது. இன்று புரியாதது அடுத்த வார அமர்வில் புரியலாம், எதிரே இருப்பவர் தாமாகவே விடையைக் கண்டடையும்வரை காத்திருப்பதே பல நேரங்களில் சரியான செயல். தலைமைப் பொறுப்பிலோ காத்திருப்பதும் ஒரு முடிவாகிவிடுகிறது, அதன் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். தற்கொலை எண்ணம் உடைய ஒருவரைத் தாம் ஏற்றுக்கொள்ளலாமா என்று இளம் சிகிச்சையாளர் ஒருவர் கேட்கும்போது, 'உங்களுக்கு என்ன தோன்றுகிறது' என்று திருப்பிக் கேட்பது ஒருமுறைக்குச் சரி. அதற்குப் பிறகு அவருக்குத் தேவைப்படுவது ஒரு தெளிவான பதில்: ஏற்கலாமா கூடாதா, ஏற்றால் யார் மேற்பார்வை செய்வார், நள்ளிரவில் நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது. அந்தப் பதிலைத் தராமல் நாம் தயங்கி நிற்பதைப் பணிவு என்று நாமே பெயரிட்டுக்கொள்ளக்கூடாது.

எழுதிப் பிரித்தல்

முதலில் செய்ய வேண்டியது, இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறிய குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொண்டு, ஐயம் தலைதூக்கும் ஒவ்வொரு முறையும் அது எந்தச் சொற்களில் வந்ததோ அதே சொற்களில் எழுதுவது. 'நான் மோசமான தலைவர்' என்பது போன்ற பொதுத் தீர்ப்புகளோடு நிறுத்திவிடாமல், அது எந்த நேரத்தில், யாருடைய எந்தச் சொல்லுக்குப் பிறகு வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் படித்துப் பார்த்தால், அவை ஏறத்தாழ மூன்று வகைகளில் விழுவதைக் காணலாம்: எனக்கு இந்த வேலை தெரியாது, எனக்கு இந்தத் தகவல் இல்லை, என்னைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ.

முதல் வகை எளிது, ஆனால் கூச்சம் அதை மறைத்து வைக்கிறது. வரவு செலவு அறிக்கையைப் படிக்கத் தெரியாத ஒருவர், கணக்காளர் பேசும்போதெல்லாம் தலையசைத்துவிட்டுப் பிறகு தம் தலைமைத் திறனையே சந்தேகிப்பது வீண். கணக்காளரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, 'இதை எனக்கு முதலிலிருந்து சொல்லுங்கள்' என்று கேட்டால் அந்த ஐயத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். தொடக்கத்தில் மூன்று எண்களை அறிந்து வைத்திருந்தால் போதும்: வருமானம் முற்றிலும் நின்றுபோனால் கையிருப்பு எத்தனை மாத வாடகைக்கும் சம்பளத்துக்கும் வரும், பதிவு செய்யப்பட்ட அமர்வுகளில் எத்தனை கடைசி நேரத்தில் ரத்தாகின்றன, ஒவ்வொரு சிகிச்சையாளரும் வாரத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார். இந்த மூன்றும் தெரிந்தவர் வேறோர் அறை எடுக்கலாமா, இன்னொருவரைப் பணியில் சேர்க்கலாமா என்ற கேள்விகளைப் பயமின்றி அணுகலாம்.

இரண்டாம் வகையில் அடிக்கடி வருவது, 'நம் மையத்துக்கு வருபவர்களுக்கு உண்மையில் குணமாகிறதா' என்ற கேள்வி. இது நேர்மையான கேள்வி. இதற்கு மன ஆறுதலைத் தேடாமல் தகவலைத் தேட வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் 0 முதல் 27 வரை மதிப்பெண் தருகிறது; பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி-7 படிவம் 0 முதல் 21 வரை தருகிறது. முதல் அமர்விலும் பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளிலும் இவற்றை நிரப்பச் சொல்லி, காலாண்டுக்கு ஒருமுறை மையம் முழுவதற்குமான போக்கைப் பார்த்தால், ஐயம் உண்மையாக இருக்கும் இடமும் வெறும் கற்பனையாக இருக்கும் இடமும் தெரிந்துவிடும். இந்த எண்களைக் கொண்டு சிகிச்சையாளர்களை வரிசைப்படுத்தத் தொடங்கினால், கடினமான பிரச்சினைகளோடு வருபவர்களை ஏற்க ஒவ்வொருவரும் தயங்குவார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாம் வகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட கட்டுரையில், கல்வியிலும் தொழிலிலும் உயர்ந்த நிலையை எட்டிய பெண்கள் பலர், தம் வெற்றியை அதிர்ஷ்டத்துக்கும் பிறருடைய தவறான கணிப்புக்கும் உரியதாகக் கருதி, என்றாவது ஒருநாள் தம் 'வேடம்' கலைந்துவிடும் என்று அஞ்சி வாழ்வதை விவரித்தார்கள். பிற்காலத்தில் மக்கள் வழக்கில் இது 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்று ஒரு நோய்க்குறி போல அழைக்கப்பட்டாலும், அவர்கள் இட்ட பெயர் 'இம்போஸ்டர் பினாமினன்', அதாவது தன்னைப் போலி என்று எண்ணும் ஒரு நிகழ்வைக் குறிப்பதுதான். நோய்களை வகைப்படுத்தும் கையேடுகளில் இது ஒரு நோயாக இடம்பெறவில்லை. அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் பரிந்துரைத்த வழி: இப்படிப்பட்டவர்கள் ஒரு குழுவாக அமர்ந்து பேசும்போது, தன்னைப் போலி என்று சொல்லிக்கொள்ளும் எதிரிலிருப்பவரின் திறமை ஒவ்வொருவருக்கும் பளிச்சென்று தெரிகிறது, அதே அளவுகோலைத் தன் மீதும் வைத்துப் பார்க்க அது வழி திறக்கிறது. தனியே உட்கார்ந்து யோசித்து இந்த வகை ஐயத்திலிருந்து வெளியே வந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

இங்கே சிகிச்சையாளர்களுக்கே உரிய ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். தம் தயக்கத்தின் வேரைத் தேடிக் குழந்தைப் பருவம் வரை போவது நமக்குக் கைவந்த கலை, அதனால் அது மிகவும் வசதியான தப்பித்தலும்கூட. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஏன் தயங்குகிறேன் என்று மூன்று வாரம் ஆராய்ந்துகொண்டிருப்பவர், அந்த மூன்று வாரமும் ஒப்பந்தத்தைப் படிக்காமலே இருந்திருக்கக்கூடும். வேரைத் தேட வேண்டிய இடம் உண்டு. ஆனால் முடிவெடுக்க வேண்டிய நாளில் முடிவை எடுத்துவிட்டு வேரை அதன் பிறகு தேடலாம்.

முடிவுகளைப் பதிந்து வைத்தல்

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை 1977-இல் விளக்கிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, உடலும் உணர்ச்சியும் தரும் அறிகுறிகள். இவற்றுள் முதலாவதுதான் வலுவானது. பாராட்டைத் தேடி அலைவதால் ஏன் பசி அடங்குவதில்லை என்பது இதிலிருந்து புரியும்.

செய்து முடித்த அனுபவம் மனத்தில் தங்குவதற்கு அதைப் பதிந்து வைக்க வேண்டும். ஏனெனில் ஐயம் மிகுந்தவரின் நினைவாற்றல் தோல்விகளை மட்டும் பத்திரப்படுத்துகிறது. ஓரளவு முக்கியமான எந்த முடிவை எடுக்கும்போதும் அரைப் பக்கம் எழுதுங்கள்: இப்போது எனக்குத் தெரிந்தவை, தெரியாதவை, இதைத் தேர்ந்தெடுக்கும் காரணம், நான் எதிர்பார்க்கும் விளைவு, திரும்பிப் பார்க்கும் தேதி. அந்தத் தேதி வரும்போது, விளைவு நன்றாக இருந்ததா என்பதோடு, அன்று கையில் இருந்த தகவலுக்கு அது நியாயமான முடிவாக இருந்ததா என்பதையும் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல முடிவும் சில நேரம் மோசமான விளைவைத் தரும். எழுத்தில் இல்லாவிட்டால், பிறகு தெரியவந்ததையெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதாக எண்ணி நம்மை நாமே குற்றக் கூண்டில் ஏற்றுவோம்.

எல்லா முடிவுகளுக்கும் ஒரே அளவு தயக்கம் தேவையில்லை. மாற்றிக்கொள்ளக் கூடியவற்றை, எடுத்துக்காட்டாகக் கூட்டம் நடக்கும் நாளையோ முன்பதிவு மென்பொருளையோ, ஒரே நாளில் தீர்மானித்துவிடலாம். நீண்ட கால ஒப்பந்தம், ஒருவரைப் பணியிலிருந்து விடுவிப்பது, கூட்டாளியைச் சேர்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குவது தகும்.

சொல்லத் தயங்கும் பேச்சுகள்

தலைமைப் பொறுப்பில் உள்ள சிகிச்சையாளரின் ஐயம் மிகவும் வெளிப்படையாகத் தெரியும் இடம், சக பணியாளரிடம் ஒரு குறையைச் சொல்ல வேண்டிய நேரம். நான் பொறுப்பேற்ற தொடக்கத்தில், அமர்வுக் குறிப்புகளை வாரக்கணக்கில் எழுதாமல் வைத்திருந்த ஒரு மூத்த சிகிச்சையாளரிடம் அதைச் சொல்லாமல் மாதங்களைக் கடத்தினேன். என்னைவிட அனுபவம் மிகுந்தவரிடம் நான் எப்படிச் சொல்வது என்பதுதான் என் தயக்கம். சொல்லாமல் விட்டதன் விளைவு அவரிடம் தெரியவில்லை. தம் குறிப்புகளை அன்றன்றே முடித்துக்கொண்டிருந்த இளையவர் ஒருவரிடம் தெரிந்தது. 'இங்கே ஒழுங்காக இருப்பவருக்கு என்ன மதிப்பு' என்று அவர் கேட்டபோதுதான், என் ஐயத்தின் செலவை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உறைத்தது.

இத்தகைய பேச்சுக்கு முன் நான்கு வாக்கியங்களை எழுதிக்கொள்வது உதவும். நடந்தது என்ன, அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, இனி என்ன எதிர்பார்க்கிறோம், எந்தத் தேதிக்குள். 'கடந்த நான்கு வாரங்களில் ஆறு அமர்வுகளுக்குக் குறிப்புகள் இல்லை. நீங்கள் விடுப்பில் இருக்கும்போது அவர்களுள் ஒருவருக்கு நெருக்கடி வந்தால், பொறுப்பேற்பவரிடம் எந்தத் தகவலும் இருக்காது. இனி ஒவ்வோர் அமர்வின் குறிப்பும் 48 மணி நேரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். விடுபட்டவற்றை இந்த வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். இதில் உங்களுக்குத் தடையாக இருப்பது ஏதும் உண்டா?' இவ்வளவுதான். முன்னால் மூன்று பாராட்டுகளையும் பின்னால் இரண்டு மன்னிப்புகளையும் சேர்த்துப் பூசி மெழுகினால், கேட்பவர் எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் எழுந்து போவார்.

கடைசிக் கேள்விக்கு அவர் தம் குடும்பச் சிக்கலைச் சொல்லிக் கண்கலங்கினால், நம் பழைய பயிற்சி உடனே விழித்துக்கொள்ளும். அந்த இடத்தில் நாற்காலியை மாற்றிக்கொள்ளக் கூடாது. பணியாளருக்கு மேலாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருவரே இருப்பது இரட்டை உறவு. சிகிச்சை பெற வருபவர்களோடு அதைத் தவிர்க்கக் கற்றுக்கொண்ட நாம் சக பணியாளர்களோடு மறந்துவிடுகிறோம். கனிவாகக் கேட்கலாம், சில நாள் விடுப்புத் தரலாம், பணிச்சுமையைக் குறைக்கலாம், வெளியே உதவி பெற வழிகாட்டலாம். குறிப்புகள் எழுதப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் அப்படியே இருக்க வேண்டும்.

கட்டணத்தைப் பற்றிய தயக்கமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. துன்பத்தில் இருப்பவரிடம் பணம் வாங்குகிறோமே என்ற உறுத்தலோடு கட்டணத்தைத் தீர்மானித்தால், மையம் நட்டத்தில் ஓடும் அல்லது சம்பளம் குறையும். ஓர் அமர்வுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு அதிலிருந்து கட்டணத்தை வகுப்பதும், குறைந்த கட்டணத்துக்கென்று வாரத்தில் குறிப்பிட்ட மணி நேரங்களை எழுதப்பட்ட விதியோடு ஒதுக்குவதும், ஒவ்வொரு முறையும் மனசாட்சியோடு பேரம் பேசுவதிலிருந்து நம்மை விடுவிக்கும்.

தெரியாது என்பதை யாரிடம், எப்படிச் சொல்வது

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, சிறப்பாகச் செயல்பட்ட குழுக்களில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததைக் கண்டார். அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதைவிட, தவறைச் சொல்ல அவர்களுக்கு அச்சம் இருக்கவில்லை என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கமாக அமைந்தது. தலைவர் தம் அறியாமையை ஒப்புக்கொள்வது அத்தகைய சூழலை உண்டாக்கும். ஆனால் இரண்டு வகை ஒப்புதல்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. 'இதற்கான சட்ட நிலை எனக்குத் தெரியவில்லை. விசாரித்துப் புதன்கிழமை சொல்கிறேன்' என்பது குழுவுக்கு நிம்மதி தருகிறது. 'இந்த வேலைக்கு நான் ஏற்ற ஆள்தானா என்றே தெரியவில்லை' என்பது, சம்பளத்துக்கு நம்மை நம்பியிருப்பவர்களிடம் நம்மைத் தேற்றும் பணியையும் சேர்த்துத் தருகிறது.

இரண்டாவது பேச்சுக்கும் ஓர் இடம் வேண்டும். அது மையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். சிகிச்சைப் பணிக்கு மேற்பார்வையாளர் இருப்பது போலத் தலைமைப் பணிக்கும் ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. இருவரும் ஒருவராக இல்லாதிருந்தால் இன்னும் நல்லது. 1950-களில் லண்டனில் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலின்ட் பொது மருத்துவர்களைக் குழுவாகக் கூட்டி, நோயாளிகளோடு தமக்குள்ள உறவைப் பற்றிப் பேசவைத்தார். அந்த அமைப்பை ஒட்டி, வெவ்வேறு மையங்களை நடத்தும் நான்கைந்து பேர் மாதம் ஒருமுறை கூடலாம். ஒருவர் தம் சிக்கலைச் சொல்ல, மற்றவர்கள் உடனே தீர்வு சொல்லாமல் முதலில் கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும். பணியாளர்களையும் சிகிச்சை பெறுபவர்களையும் அடையாளம் காட்டும் விவரங்கள் அங்கே வரக்கூடாது.

தீய செய்தி வரும் நாள்

சிகிச்சையில் இருந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தியோ, மையத்தின் மீது முறையான புகாரோ வரும் நாளில் ஐயம் முழு உருவத்தோடு எழும். அந்த நாளுக்கான வழிமுறையை அமைதியான நாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். நடுங்கும் கையால் புதிதாக எதையும் வகுக்க முடியாது. யாருக்கு உடனே தெரிவிக்க வேண்டும், தொழில் அமைப்புக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் தருவது யார், குடும்பத்தினரிடம் பேசுவது யார், இறந்த பிறகும் காக்கப்பட வேண்டிய ரகசியத்தின் எல்லை என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். பழைய குறிப்புகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. சேர்க்க வேண்டியது இருந்தால் அன்றைய தேதியிட்டுத் தனியாகச் சேர்க்கலாம்.

அந்த நபரைப் பார்த்துவந்த சிகிச்சையாளரைத் தனியே விடக்கூடாது. அன்றைய அவருடைய அமர்வுகளை அவரோடு பேசி மாற்றியமையுங்கள். விசாரணையின் தொனி இல்லாமல் அருகில் இருங்கள். யார் தவறு என்று கேட்காமல், என்ன நடந்தது, எந்தக் கட்டத்தில் வேறு வழி இருந்திருக்கும் என்று கேட்கும் ஆய்வு, சில வாரங்கள் கழித்து நடக்கட்டும். உங்கள் சொந்தக் குற்ற உணர்வை அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவராமல் உங்கள் மேற்பார்வையாளரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஐயம் சரியாக இருக்கும்போது

சில ஐயங்கள் உண்மையைச் சொல்கின்றன. கற்றுக்கொள்ள முயன்று, உதவி கேட்டு, ஓராண்டு கழித்தும் கணக்கும் ஆள் மேலாண்மையும் உங்களை வற்றச் செய்கின்றன என்றால், நிர்வாகத்துக்கு ஒரு மேலாளரை அமர்த்திவிட்டுச் சிகிச்சைத் தரத்துக்கு மட்டும் நீங்கள் பொறுப்பாக இருக்கலாம். அப்படிச் செய்யும்போது, அவர் உங்களைக் கேட்காமலே எடுக்கக்கூடிய முடிவுகள் எவை, கேட்டுவிட்டு எடுக்க வேண்டியவை எவை என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லையெனில் அதே தயக்கம் அவருடைய மேசைக்கும் இடம்பெயரும். தூக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை, எதிர்காலம் இருண்டு தெரிவது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால், அதைத் தலைமைத் திறன் பற்றிய கேள்வியாக வைத்துக்கொண்டு மல்லாட வேண்டாம். வேறொரு மையத்தில் உள்ள மருத்துவரிடமோ சிகிச்சையாளரிடமோ நேரம் கேளுங்கள், உங்களிடம் வருபவருக்கு நீங்கள் சொல்லியிருப்பதைப் போலவே.